டைனமோவில் பொறித்த மாதம்

அண்ணன் காரும் தங்கை காரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வருஷம் பிறந்தவை. தங்கையின் கார் இரண்டு மாதம் மூத்தது. அது செய்த பாவம் அவ்வளவுதான்.

பழைய கார்களுக்கு மதிப்பெண் போடும் போட்டிகளில் பளபளப்பு மட்டும் போதாது. கண்ணாடி, கார்புரேட்டர், டைனமோ என்று ஒவ்வொன்றிலும் அது தயாரான மாதமும் வருஷமும் பொறித்திருக்கும். கார் பிறப்பதற்குச் சற்று முன்னால் அது பிறந்திருக்க வேண்டும். பின்னால் பிறந்திருந்தால், 'இது பிறகு மாட்டியது' என்று நடுவர் உதட்டைப் பிதுக்கி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார். இந்தக் கணக்கில் அண்ணன் புலி. ஊரே அவரைத் 'தேதி' என்றுதான் கூப்பிட்டது. சட்டைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பூதக்கண்ணாடி இருக்கும்.

தங்கை தையற்காரி. பள்ளிச் சீருடை தைத்து, மூட்டை கட்டி, புருஷன் விட்டுப்போன காரில் ஏற்றிக் கடைகடையாய் இறக்குவாள். புருஷன் கண்ணை மூடிய மறுவருஷம் அண்ணன் வந்தார்.

"உன் கார்புரேட்டர் தேதி என் வண்டிக்கு அப்படியே பொருந்துதும்மா. போட்டி முடிஞ்சதும் திருப்பி மாட்டிடறேன்."

கூடப்பிறந்தவர் வாய்விட்டுக் கேட்கும்போது எப்படி இல்லை என்பது? கொடுத்தாள். போட்டி முடிந்தது, அடுத்த போட்டி வந்தது. "இப்போ கழட்டினா அத்தனை உழைப்பும் பாழாப் போயிடும்" என்றார். சரி, கடையில் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிக்கொள்கிறேன் என்றாள். அவர் பதறிப்போனார்.

"ஐயையோ! கண்ட சாமானை மாட்டி மாப்பிள்ளையோட வண்டியைக் கெடுத்துடாதே. சரியான தேதியில ஒண்ணு நானே தேடித் தர்றேன்."

அதை நம்பினாள் பாருங்கள், அங்கேதான் ஏமாந்தாள். செத்தவரின் கார் கெட்டுவிடக் கூடாதே என்று அதை ஷெட்டில் நிறுத்திவிட்டு, மூட்டையைத் தோளில் சுமந்து பஸ்ஸில் இடிபட்டாள். ஓடாத வண்டிக்கு எதற்கு என்று முன்கண்ணாடியும் அண்ணன் கையோடு போயிற்று. அவர் வீட்டு அலமாரியில் கோப்பைகள் சேர்ந்தன. இவளுக்குத் தோள்வலிதான் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை மறுபடி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. முதல் பரிசு கைநழுவிவிட்டது. அவருடைய டைனமோ காரைவிட மூன்று மாதம் இளையதாம்.

"உன்னோடதைக் குடு. நாளைக்கு வந்து கழட்டிக்கறேன். வண்டி சும்மாதானே நிக்குது?"

"அது எதனாலண்ணே சும்மா நிக்குது?"

"சின்னப் பிள்ளை மாதிரி பேசாதே. பரிசு வந்தா நம்ம குடும்பத்துக்கே பெருமை."

குடும்பமாம், பெருமையாம்! அவர் தலை மறைந்ததும் ஷெட்டைத் திறந்தாள். புருஷனின் அரத்தை எடுத்து, டைனமோவில் பொறித்திருந்த மாதத்தையும் வருஷத்தையும் ஒரு எழுத்து மிச்சமில்லாமல் தேய்த்துத் தள்ளினாள். பிறகு ஹாரன், பெட்ரோல் பம்பு, விளக்கு என்று தேதி கண்ட இடத்தையெல்லாம் தேய்த்தாள். கை கொப்பளித்தது. மனசு ஆறவில்லை.

மறுநாள் டைனமோமேல் குனிந்த அண்ணன் வெகுநேரம் நிமிரவே இல்லை. பளிச்சென்று வெளுத்திருந்த இரும்பை விரலால் தடவினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்று அந்தக் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அவள்தான் பக்கத்திலேயே நின்று பார்த்தாளே.

"பாவி! இப்படிப் பண்ணிட்டியே! இனிமே இது எதுக்கு ஆகும்?"

"ஓட்டறதுக்கு ஆகும்ணே" என்றாள். "மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன். கடையில எது கிடைக்குதோ அதை மாட்டுவார். கொஞ்சம் வழியை விடுங்க."