ஒன்பது குழிக்கு ஒரு பட்டி

பனியன் ஏற்றுமதி செய்யும் என் வீட்டுக்காரர் செங்கோட்டையனுக்குக் கோல்ஃப் கிறுக்குப் பிடித்தது, டி-ஷர்ட் சாம்பிளோடு ஜெர்மனி போய்வந்த வருஷம். வந்ததும் மடத்துக்குளம் பக்கம் எங்கள் கொறங்காட்டில் ஒன்பது குழி தோண்டினார். என் செம்மறிகள் மேய்ந்த காடு அது. "ஆட்டைக் கண்ணுலயே காட்டாத சுப்பு" என்று அத்தனையையும் கொமரலிங்கத்தில் என் அண்ணன் ஆட்டுப்பட்டிக்கு வண்டியேற்றிவிட்டார். அன்று எனக்கு எரிந்த வயிறு அணையவே இல்லை.

2007இல் ஏற்றுமதியாளர்களின் கோல்ஃப் போட்டிக்கு மூன்று மைதானம் தேடினார்கள். இரண்டு முடிவாகிவிட்டது. மூன்றாவதுக்கு எங்கள் காட்டைப் பார்க்க வருகிறார்கள் என்றதும் இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐப்பசி மழையில் புல்லோ முழங்கால் உயரம். அவர்கள் வர நாலு நாள் இருக்கையில் புல் வெட்டும் மெஷின் புகை கக்கி நின்றது. பார்ட்ஸ் வரப் பத்து நாளாகுமாம். மனிதர் சோறு இறங்காமல் உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க, எங்கண்ணனுக்குப் போன் போட்டு ஆட்டைக் கொண்டாரச் சொல்லுங்க."

"வெளையாடறயா? பெரிய மனுசங்க வர்ற எடம்!"

"அப்ப நீங்களே மேயுங்க" என்றேன். போன் போட்டார்.

அண்ணனின் மந்தையும் சேர்த்து முந்நூறு வாய். ஒரு குழியைச் சுற்றி மேய்ந்து முடிந்ததும் பட்டியைப் பிரித்து அடுத்த குழிக்கு மாற்றினோம். நாலாம் நாள் காடு பனியன் துணியாட்டம் மட்டமாகக் கிடந்தது. புழுக்கையை நானே கூட்டி அள்ளினேன். இவர், செக்கிங் வரும்போது ரிஜெக்ட் பீஸை ஒளித்து வைப்பதுபோல ஆடுகளை வேலிக்கு அந்தப்பக்கம் ஒளித்து வைத்தார்.

மைதானம் பார்க்க வந்த குழுவின் தலைவர் ராபின், தலை நரைத்தவர். குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார். பந்தைத் தட்டினார். அது எங்கும் துள்ளாமல் ஓடிக் குழியில் விழுந்தது.

"இவ்வளவு மட்டமா எந்த மெஷின்ல வெட்டுனீங்க?"

"இம்போர்ட்டட் சார்..." என்று இவர் இழுத்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் மென்றது யார், பெயர் யாருக்கு?

"என்ற ஆடுங்க சாமி" என்று வேலிப்படலைத் திறந்துவிட்டேன். முந்நூறும் கத்திக்கொண்டு உள்ளே புகுந்தன. இவர் முகத்தை மூடிக்கொண்டார். ராபினுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

"மூணாவது மைதானம் இதுதாங்க. ஒரே கண்டிஷன். போட்டி முடியுற வரைக்கும் வேற மெஷின் உள்ள வரக்கூடாது."

ஜெயித்துவிட்டேன். கத்த வேண்டும்போல இருந்தது.

கார் போனதும் இவர் படலைச் சாத்திக் கட்டினார். ஆடுகள் உள்ளேதான் இருந்தன. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"ஏம்புள்ள, ஆட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"