கழுகு இமைக்கிறாள்

துணி ஆலையில் அவளைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கழுகு என்றால்தான் கை காட்டுவார்கள். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அறுந்த நூல், எண்ணெய்க் கறை, ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் காலால் மிதிகட்டையை அழுத்தித் துணியை நிறுத்தி, அந்த இடத்தில் சிவப்பு வில்லை ஒட்ட வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்தப் பெருமைக்கு அடியில் ஒரு பைத்தியக்காரத்தனமும் இருந்தது. சோதனைப் பிரிவில் யாரும் இமைக்கமாட்டார்கள். இமைக்கிற நேரத்தில் ஒரு முழம் துணி தப்பிவிடும் என்று அவர்களாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சாப்பாட்டு வேளையில் யார் அதிக நேரம் இமைக்காமல் இருப்பது என்று போட்டி வேறு. ஜெயிப்பது கழுகுதான், வேறு யார்?

இந்த வருஷம் அந்தக் கண்கள் அவளைக் கைவிட்டன. மணல் விழுந்ததுபோல் உறுத்தல். மதியத்துக்குமேல் எரிச்சல், மங்கல், தாரை தாரையாகத் தண்ணீர். ஒரே மாதத்தில் மூன்று குறைகள் தப்பிப் போய், வாங்கியவர்கள் துணியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேற்பார்வையாளர் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"ஆறு வாரத்துல ஒரு தேர்வு. இருபது குறை இருக்கிற துணி ஓடும். குறைஞ்சது பதினெட்டு பிடிக்கணும். இல்லாதவங்க மடிப்புப் பிரிவுக்குப் போயிடலாம்" என்றார். சொல்லும்போதே கைக்குட்டையால் தன் சிவந்த கண்ணையும் ஒற்றிக்கொண்டார்.

மடிப்புப் பிரிவு ஒன்றும் நரகம் இல்லை. ஆனால் அங்கே யாரும் அவளைக் கழுகு என்று கூப்பிடமாட்டார்கள். அன்று மாலையே கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "கண்ணு காய்ஞ்சு போயிருக்கு" என்றார்.

"குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுது, காய்ஞ்சிருக்குங்கறீங்களே!"

"காய்ஞ்சு உறுத்தறதாலதான் கொட்டுது. இமை ஓரத்துல எண்ணெய் சுரக்கணும். உங்களுக்கு அது அடைச்சிருக்கு. எண்ணெய்ப் படலம் இல்லன்னா கண்ணீர் நிக்காது, ஆவியாயிடும். ஆமா, வேலை பார்க்கும்போது இமைக்கறீங்களா?"

"இமைக்கவே மாட்டேன்" என்றாள் கழுகு, பரிசு வாங்கப் போகிறவள்போல.

டாக்டரம்மா பாராட்டவில்லை. தோழி கொடுத்த கண் சிவப்பைப் போக்கும் மருந்தை அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டியதும், அதை நிறுத்தச் சொன்னார். கெடாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனம் இல்லாத, கண்ணை ஈரமாக்கும் சொட்டு மருந்துக் குப்பிகளை எழுதிக் கொடுத்தார். காலையும் மாலையும் பத்து நிமிஷம் வெதுவெதுப்பான ஒத்தடம், பிறகு இமையை மெதுவாக நீவிச் சுத்தம் செய்வது, முகத்தில் குளிர்காற்று அடிக்காமல் பார்த்துக்கொள்வது. "முக்கியமா, முழுசா இமைக்கணும். பலன் தெரிய சில வாரம் ஆகும், பாதியில விட்றாதீங்க."

விடுவதா? மறுநாளே ஆலையில் முக்காலி போட்டு ஏறி, தன் தலைக்கு நேரே இருந்த ஏசி தகடுகளைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஏன் என்று கேட்ட மேற்பார்வையாளரிடம் சொட்டு மருந்து, ஒத்தடம் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள். வீட்டில் ஒத்தடத் துணி ஆற ஆற மாற்றிப் போட்டது கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். உலகத்தில் பிரேக்கைத் தவிர வேறு எதையும் நம்பாத மனுஷன். அவள் கண்ணைத் திறந்துவிடக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷமும் செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தார், வரன் தேடும் விளம்பரம் உட்பட.

இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. சொட்டுக் குப்பியைத் தூக்கி எறியலாம்போல் ஆத்திரம் வந்தது. எறியவில்லை. நாலாவது வாரம் ஒருநாள் காலையில் இமைகள் ஒட்டாமல் திறந்தன. உறுத்தல் பாதியாகக் குறைந்திருந்தது.

ஆனால் ஓடும் துணிக்கு முன்னால் உட்கார்ந்தால் இமைக்க மனசு துணியவில்லை. "ஒரு முழம் தப்பிடுமே" என்று கணவரிடம் புலம்பினாள்.

"நிறுத்திட்டு இமையேன். காலுக்கடியில பிரேக் இருக்கில்ல?"

"குறையே இல்லாம நிறுத்தினா சிரிப்பாங்க."

"என்கிட்ட கத்துக்க வர்றவங்களும் பிரேக் போட வெக்கப்படுவாங்க. மரத்துல மோதினதும் வெக்கம் போயிடும்" என்றார்.

தேர்வு நாள். பத்துப் பத்து மீட்டருக்கு ஒருமுறை கழுகு மிதிகட்டையை அழுத்தினாள். துணி நின்றது. கண்ணை இறுக்காமல் மூடி, இரண்டு எண்ணி, திறந்து, மறுபடி மூடினாள்.

"அங்க என்ன குறை?" என்றார் மேற்பார்வையாளர்.

"துணியில ஒண்ணும் இல்ல சார். இமைக்கிறேன்."

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. ஆனாலும் அடுத்த பத்தாவது மீட்டரில் மறுபடி நிறுத்தினாள். எல்லோரையும்விடக் கால் மணி நேரம் அதிகமாக எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேற்பார்வையாளர் வில்லைகளை எண்ணினார். "இருபத்தொண்ணு இருக்கு. நான் குறிச்சு வச்சது இருபதுதான். இல்லாததையும் சேர்த்து ஒட்டியிருக்கீங்க."

"எது இல்லாதது?"

காட்டினார். அவள் துணியை அந்த இடத்துக்கு ஓட்டி நிறுத்தினாள். அவர் குனிந்து, முறைத்து, சிவந்த கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி முறைத்தார். "ஒண்ணுமே இல்லையே!"

"கசக்காதீங்க சார். கண்ணை மூடுங்க. இறுக்க வேணாம். ரெண்டு எண்ணுங்க. இப்ப திறங்க. இன்னொரு தடவை."

மூன்றாவது முறை திறந்தவர் அந்த இடத்தில் விரலை வைத்தார். மயிரிழைக் கனத்தில் ஒரு நூல் அறுந்து, ஒரு விரல் நீளத்துக்கு இடம் விட்டிருந்தது. அவரே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த துணி.

அவர் பேரேட்டில் இருபத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"அந்த ஒத்தடம், எத்தனை நிமிஷம்னு சொன்னீங்க?"