மாப்பிள்ளை செட்

காலையில் கடையைத் திறந்ததும் டயர்க்காரர் செய்யும் முதல் வேலை, நான்கு டயர்களை வெளியே உருட்டி வந்து ஈரத்துணியால் துடைப்பது. அவை விற்பனைக்கானவை அல்ல. விற்கிற டயர்கள் தூசி படிந்து கூரை வரை அடுக்கிக் கிடக்கும். வேண்டுமானால் வாங்குகிறவன் துடைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். இந்த நான்குக்கு மட்டும் ராஜ உபசாரம். கடைத்தெருவில் இவற்றுக்கு 'மாப்பிள்ளை செட்' என்று பெயர்.

வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிற மாப்பிள்ளை, படம் பிடித்து முடிந்ததும் அதைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் அல்லவா? அப்படித்தான் இதுவும். ஜீப் வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் அந்த ஊரில் காட்டு டயர் பைத்தியம் பிடித்திருந்தது. வண்டியோடு வந்த டயரைக் கழற்றி வீசிவிட்டு, மட்கார்டுக்கு வெளியே பிதுங்கி நிற்கும் ராட்சச டயர்களை மாட்டிக்கொள்வார்கள். அந்த அளவு சட்டப்படி செல்லாது. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோயாக வேண்டும். அன்றைக்கு மட்டும் சட்டப்படியான அளவுள்ள மாப்பிள்ளை செட் ஏறும். காலையில் மாட்டி, முத்திரை வாங்கி, சாயங்காலம் கழற்றிவிட்டால் அடுத்த வருஷம் வரை கேள்வி கேட்பாரில்லை.

பரிசோதனை அதிகாரியும் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் இல்லை. நான்கில் ஒரு டயரின் பக்கவாட்டில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. வருகிற ஜீப்பிலெல்லாம் அதே தழும்பு இருந்தால் யாருக்குத்தான் தெரியாது? "என்னப்பா, மாப்பிள்ளை சௌக்கியமா?" என்று ஷூ முனையால் அந்த டயரைத் தட்டுவார். சௌக்கியத்துக்கான கவர் மேசை இழுப்பறைக்குள் போகும். முத்திரை விழும். இதில் யாருக்கும் வெட்கமில்லை, பயமுமில்லை. பல் தேய்ப்பது போல ஒரு வழக்கமாகிவிட்டது.

டயர்க்காரருக்கு வலதுகை விரல்கள் மரத்துப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. நட்டுக் கழற்றும் ஏர் கன்னைப் பிடித்துப் பிடித்து வந்த வினை. சுடச்சுடத் தேநீர்க் கிளாஸைப் பிடித்தாலும் சூடு தெரியாது. உதடு சொன்னால்தான் உண்டு. எதிர்வரிசையில் மருந்துக்கடை நடத்தும் அம்மாள், தெருவுக்கே 'மருந்துக்கடை அக்கா', அதைக் கவனித்து ஒரு களிம்பு கொடுத்தார். "தினமும் தேய்ங்க தம்பி. மரத்துப்போச்சுன்னு அப்படியே விட்டா பழகிடும். பழகிடுச்சுன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். இவர் தேய்க்கமாட்டார். அது ஏற்கெனவே பழகிவிட்டது.

அந்த அக்காவைத்தான் முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஜீப் அடித்துப் போட்டது. கடையைப் பூட்டிவிட்டுச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். உயிருக்கு ஆபத்தில்லை. இடுப்பும் ஒரு காலும் நொறுங்கிவிட்டன. இனி பழையபடி நடக்கமாட்டார் என்று மருத்துவர்கள் சொன்னார்கள்.

ஜீப்பை ஓட்டியது டயர்க்காரரின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கிற கம்பெனியில் வேலை. அவன் ஜீப்புக்குக் காட்டு டயர் மாட்டியது டயர்க்காரர்தான். காடு மலை என்று வாய் கிழியப் பேசினானே தவிர, அந்த வண்டி ஏறி இறங்கிய ஒரே மேடு அவன் அலுவலக வாசலில் இருக்கும் வேகத்தடை.

செய்தி கேட்டபோது டயர்க்காரருக்கு நெஞ்சு பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. "டயர் ஏதும் வெடிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும், சரி என்று போனை வைத்தார்.

இன்று காலை மாப்பிள்ளை செட்டைத் துடைத்து முடிப்பதற்குள் மச்சானின் ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து மச்சான் இறங்கினான். பக்கத்து இருக்கையிலிருந்து டயர்க்காரரின் மனைவி. விபத்து நடந்த வண்டியை மதியம் பரிசோதனைக்குக் கொண்டுவந்தால் போதும், அதுவரை வீட்டிலேயே நிற்கட்டும் என்று போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெரிய மனது உத்தரவு போட்டிருந்தது. அந்த மனதை அவ்வளவு பெரியதாக்கியது எது என்று டயர்க்காரர் கேட்கவில்லை. கேட்காமலே தெரியும்.

"மாமா, என்னைக் காப்பாத்துங்க" என்றான் மச்சான். முகம் வீங்கியிருந்தது. "நான் வேகமா வரல மாமா. அந்த ரோட்டுல அம்பதுக்கு மேல போகக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். முள்ளு அம்பதுலதான் நின்னுச்சு. என் புள்ள மேல சத்தியம். அந்தம்மாதான் திடீர்னு குறுக்க வந்துட்டாங்க."

"தெரியும்" என்றார் டயர்க்காரர்.

"ஏங்க, இதுக்கு மேல என்ன பேச்சு? மாப்பிள்ளை செட்டை மாட்டி விடுங்க" என்றாள் மனைவி. "அந்த ஆபீசர்கிட்ட பேசியாச்சாம். டயர் மட்டும் ஒழுங்கா இருந்தா, வண்டியில குறையில்ல, கடந்தவங்க கவனக்குறைவுன்னு எழுதிடுவாராம்."

டயர்க்காரர் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தார். முன்பக்கத்தைத் தூக்கினார். ஏர் கன் கிர்ரென்று கத்தியது. நட்டுகள் தட்டில் விழுந்தன. முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, மாப்பிள்ளை செட்டில் இரண்டை ஏற்றினார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

ஒன்று மட்டும் மூளையின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மச்சான் பொய் சொல்லவில்லை. முள் ஐம்பதில்தான் நின்றிருக்கும். ஆனால் அந்த முள்ளுக்குத் தெரிந்தது பழைய டயர் மட்டும்தான். சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதை வைத்துத்தான் அது வேகம் சொல்லும். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் ஓடும். அது முள்ளுக்குத் தெரியாது. முள் ஐம்பது என்று காட்டியபோது வண்டி அறுபதை நெருங்கியிருக்கும். கனமான டயர் வேறு. பிரேக் பிடித்தாலும் சட்டென்று நிற்காது. டயரை மாற்றினால் மீட்டரையும் திருத்த வேண்டும். அவருக்கு அது தெரியும். யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போது சின்ன டயரை மாட்டிவிட்டால் முள் மறுபடியும் உண்மை பேசும். அதிகாரி ஓட்டிப் பார்த்தாலும் எல்லாம் சரியாக இருக்கும். மச்சானின் பொய், அவனுக்கே தெரியாத பொய், மதியத்துக்குள் மெய்யாகிவிடும். சாமர்த்தியம்தான். டயர்க்காரர் பின்பக்கத்துக்கு ஜாக்கியை நகர்த்தினார்.

அப்போதுதான் மருந்துக்கடை அக்காவின் வீட்டுக்காரர் சாலையைக் கடந்து வந்தார். வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசாத மனிதர். இரவெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் சட்டை கசங்கியிருந்தது. மச்சான் ஜீப்புக்குப் பின்னால் ஒதுங்கினான். மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சண்டைக்குத் தயாரானாள்.

ஆனால் அவர் சண்டைக்கு வரவில்லை.

"கடையில மருந்து எடுக்க வந்தேன் தம்பி. வண்டி நிக்கறதைப் பார்த்தேன்" என்றார். பிறகு மச்சானைத் தேடிக் கண்டுபிடித்து, அவனைப் பார்த்துச் சொன்னார்: "நீங்க பயப்படாதீங்க. உங்க மேல எங்களுக்குக் கோபமில்ல. நீங்க அம்பதுலதான் வந்தீங்கன்னு சொன்னாங்க. அவளும் தப்பு தன் மேலதான்னு சொல்றா. 'வண்டி தூரத்துலதாங்க இருந்துச்சு, கடந்துடலாம்னு கணக்குப் போட்டேன், தினமும் கடக்கற ரோடுதானே, எப்படித் தப்புச்சுன்னே தெரியலை'ங்கறா. கண்ணு மங்கிடுச்சு போலன்னு ராத்திரி முழுக்க ஒரே புலம்பல். நடக்க முடியாததை விட அதுதான் அவளுக்குப் பெரிய கவலை. மருந்துச் சீட்டு படிக்கிற கண்ணாச்சே. தப்பா மருந்து குடுத்துடுவோமோன்னு பயப்படறா. கடையையே மூடிடலாம்ங்கறா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வண்டி ஓட்டின தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கன்னு சொல்லி அனுப்புனா. அதான் வந்தேன்."

டயர்க்காரரின் கையிலிருந்த ஏர் கன் தரையில் விழுந்தது. விரல்தான் நழுவவிட்டதோ, வேண்டுமென்றே விட்டாரோ, அவருக்கே தெரியாது. கண்ணீர் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மரத்துப்போய்க் கிடப்பது மட்டும் முதல்முறையாகத் தெரிந்தது.

"அக்கா கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"என்ன தம்பி?"

"அவங்க போட்ட கணக்கும் சரி. அம்பதுல வர்ற வண்டின்னா அவங்க கடந்து போயிருப்பாங்க. இது அம்பதுல வரல. இந்த மீட்டர் குறைச்சுக் காட்டுது. பெரிய டயர் மாட்டினா அப்படித்தான் காட்டும்."

"ஏங்க!" என்று கத்தினாள் மனைவி.

"எனக்குத் தெரியாதே மாமா" என்றான் மச்சான். வாய் கோணிக்கொண்டு வந்தது. "முள்ளைப் பார்த்துத்தானே ஓட்டினேன்..."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்" என்றார் டயர்க்காரர். குரலில் கோபமுமில்லை, இரக்கமுமில்லை. "பெரிய டயரே போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலடா. அனுமதிச்ச அளவுக்குள்ள ஒரு டயரை எடுத்து, சக்கரம் வெளிய தெரியாம மட்கார்டை அகலப்படுத்தி, மீட்டரைத் திருத்தி, பிரேக்கைப் பார்த்து, மாத்தினதை ஆபீசுல சொல்லிப் பதிஞ்சுட்டு, ராஜா மாதிரி ஓட்டியிருக்கலாம். மிஞ்சிப்போனா ரெண்டு நாள் அலைச்சல். அந்த அலைச்சலை உனக்கு நான் சொல்லல. மாப்பிள்ளை செட்டு இருக்கு, பார்த்துக்கலாம்னுதான் சொன்னேன்."

அக்காவின் வீட்டுக்காரர் அப்படியே நின்றார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ அவ கண்ணுல கோளாறு இல்லைன்னு நான் போய்ச் சொல்லலாமா?"

"சொல்லுங்க. முதல்ல அதைப் போய்ச் சொல்லுங்க."

அவர் வேகமாகச் சாலையைக் கடந்து போனார். மருந்து எடுக்க வந்ததையே மறந்துவிட்டார்.

"என் கூடப்பொறந்த தம்பிய நீங்களே புடிச்சுக் குடுக்கறீங்க" என்றாள் மனைவி. "இனி என் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

டயர்க்காரர் ஜாக்கியை மறுபடி முன்பக்கத்துக்குத் தள்ளினார். மாட்டிய இரண்டையும் கழற்றினார். ரப்பர் அறுக்கும் கத்தியை எடுத்தார். நான்கு மாப்பிள்ளைகளையும் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றின் பக்கவாட்டையும் கிழித்தார். தழும்பு இருந்த டயரைத் தழும்போடு சேர்த்தே கிழித்தார். பிறகு ராட்சச டயர்களை மறுபடி ஜீப்பில் ஏற்றினார். மனைவி அதற்குள் தெருமுனை வரை நடந்துபோயிருந்தாள். மச்சான் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"வா, போகலாம்" என்றார் அவனிடம். "பயமா இருந்தா என் கையைப் புடிச்சுக்க."

மதியம், பரிசோதனைக் கூடத்தில் அதிகாரி ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஷூ முனை பழக்கத்தில் டயரைத் தட்டியது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"என்னப்பா, மாப்பிள்ளை எங்க?"

"இனி வரமாட்டாரு சார். நாலையும் கிழிச்சுப் போட்டுட்டேன்."

அதிகாரி சிரிக்கப் பார்த்தார். டயர்க்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "சொந்த மச்சான் வண்டிப்பா இது. யோசிச்சுத்தான் பேசறியா? இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வேற நாலு டயரை எடுத்துட்டு வா, நான் டீ குடிச்சுட்டு வரேன்."

"வேண்டாம் சார். இந்த டயரோட அளவை எழுதுங்க. வண்டியை ஓட்டிப் பார்த்து, மீட்டர் எவ்வளவு குறைச்சுக் காட்டுதுன்னு எழுதுங்க. மாட்டினது நான், மீட்டரைத் திருத்தாம விட்டதும் நான்னு எழுதுங்க. போன வருஷம் இதே மாதிரி வண்டிகளுக்கு நீங்க குத்தின முத்திரையையும் எழுதணும்னா எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

அதிகாரியின் முகம் வெளுத்தது. "என்ன ஆச்சுப்பா உனக்கு? இத்தனை நாள் நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு? யாரை ஏமாத்தினோம் நாம? சட்டத்தைத்தானே? சட்டத்துக்கு என்ன வலிக்கவா போகுது?"

டயர்க்காரர் தன் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டார். ஜீப்பின் சூடான பானெட்டின் மேல் அவற்றை வைத்திருந்தார்; சூடு தெரியவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது தெளிவாகத் தெரிந்தது.

"நாம சட்டத்தை ஏமாத்தல சார். வண்டி தூரத்துல வருது, கடந்துடலாம்னு தன் கண்ணை நம்பி ரோட்டுல கால வச்சாங்களே ஒருத்தங்க, அவங்களத்தான் ஏமாத்தினோம். அவங்க காலும் நொறுங்கி, ராத்திரி முழுக்கத் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கிட்டுப் படுத்திருந்தாங்க. எழுதுங்க சார்."