வாளிச் சுக்கான்

மனோன்மணி சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்தாள். அது வழுக்கிக்கொண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. படகு திரும்பவில்லை. இடப்பக்கமும் அப்படித்தான். கீழே சுக்கானை இழுக்கிற கம்பி அறுந்துவிட்டது. அறுவதற்கு நாள் பார்த்ததே, சனியன்!

மகள் தர்ஷனா மடியில் சாம்பல் குடத்தை அணைத்துக்கொண்டு இருந்தாள். அதற்குள் மனோன்மணியின் கணவர் கதிர்காமத்தம்பி. புற்றுநோய் தின்று மிஞ்சிய அந்த மனிதரை டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எரித்துப் பதினெட்டு நாள். தன்னைக் கடலில்தான் கரைக்க வேண்டுமென்று தானே எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டுப் போனவர்.

"பாத்தியளே அண்ணி?" என்றார் பாலேந்திரா. செத்தவரின் தம்பி. விரலில் தர்ப்பை, முகத்தில் வெற்றி. "அண்ணைக்கு இது விருப்பமில்லை. ஊரிலை கீரிமலைத் தீர்த்தத்தைத்தான் கேக்கிறார். போன் பண்ணுவம், ஆரும் வந்து கரைக்கு இழுக்கட்டும்."

"விருப்பமில்லையெண்டு ஆர் சொன்னது? அறுந்த கம்பியோ?"

அவருக்கு வியாழக்கிழமை கொழும்புக்கு விமானம். பெண்கள் அஸ்தி கரைக்கப் போவதாவது என்று இரண்டு கிழமை சண்டை பிடித்தபிறகு ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். இன்று ஒருநாள்தான், இன்று முடியாவிட்டால் குடம் அவருடைய பெட்டிக்குள் போகும். சனத்துக்கு முன்னால் மனோன்மணியும் தலையாட்டிவிட்டாள். இப்போது கரைக்குத் திரும்பினால் எல்லாம் முடிந்தது.

"உள்ளை கட்டிலுக்குக் கீழை ஒரு இரும்புக் குழாய் கிடக்கு. எடுத்துக்கொண்டு வாங்கோ."

பாலேந்திரா எழும்பாமலே கேட்டார்.

"அந்தக் கறள் பிடிச்ச குழாயோ? நேற்றுப் படகு கழுவேக்கை குப்பை எல்லாத்தையும் கொண்டுபோய்க் கொட்டிப்போட்டன். அண்ணையின்ரை கடைசிப் பயணம், பழைய இரும்போடையே போறது?"

"ஐயோ! கம்பி அறுந்தால் சுக்கான் தலையிலை மாட்டித் திருப்பிற பிடியெல்லே அது! பதினாறு வருசம் கிடந்த சாமான், உங்கடை கண்ணிலைதானா குத்தினது?"

இந்த மனுசனுக்கு முன்னால் அழுவேனா என்று முகத்தைக் கடல்பக்கம் திருப்பினாள்.

ஒவ்வொரு சித்திரையிலும் படகைத் தண்ணீரில் இறக்கியதும் கதிர்காமத்தம்பி சக்கரத்தைக் கட்டிப்போடுவார். சக்கரம் இல்லையெண்டு வை, என்ன செய்வாய்? குழாயை மாட்டுவன். குழாயும் இல்லையெண்டு வை? கையுறைத் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் தைத்துக் களைத்து வந்தவளுக்கு இந்தச் சோதனைவேறு. போன வருடம், நானும் இல்லையெண்டு வை, என்றார். வாயைக் கழுவுங்கோ என்று அவள் கத்திய கத்தில் பக்கத்துப் படகு டேனிஷ்காரன் எட்டிப் பார்த்தான்.

மனோன்மணி எஞ்சினைக் குறைத்தாள். அஸ்தியோடு போடக் கொண்டுவந்த பூ வாளியைத் தூக்கிப் படகுத் தளத்தில் கவிழ்த்தாள்.

"அண்ணைக்கு வைச்ச பூ!"

"பூவாலை படகு திரும்பாது."

வாளிப்பிடியில் இரண்டு நீளக் கயிறு முடிந்தாள். ஒன்றைப் பின்பக்கத்து வலது மூலையாலும் மற்றதை இடது மூலையாலும் விட்டு, வாளியைத் தண்ணீரில் எறிந்தாள். வாளி நிறைந்து பாரமாக இழுபட்டது. வலக்கயிற்றை இழுத்தாள். இழுவை அந்தப் பக்கம் போக, படகின் மூக்கு மெதுவாக வலம் திரும்பியது.

"அம்மா!" என்று தர்ஷனா சிரித்தாள். பதினெட்டு நாளில் முதற் சிரிப்பு. பிறகு டேனிஷில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். தாய் கேளாததுபோல் இருந்தாள்.

"தம்பி, இடக்கயிறு உங்களுக்கு. நான் சொல்லேக்கை இழுங்கோ."

"நானோ?"

"குழாயை எறிஞ்ச கை அதுதானே!"

பாலேந்திரா பிடித்தார். முதலில் கோணலாகப் போனார்கள். பிறகு ஓரளவு நேராக. கம்பி அறுந்த படகு எங்கே போகுது என்று பார்க்கிறதுபோல் கடற்காகங்கள் இரண்டு கூடவே வந்தன. கரை மெலிந்து கோடாகியது. கதிர்காமத்தம்பி தாளில் எழுதியிருந்த இடம் இதுதான்.

பாலேந்திரா தர்ப்பையைச் சரிசெய்துகொண்டு குடத்தைப் பார்த்தார். "பிள்ளை, கொண்டு வா. நான் கரைக்கிறன்."

"கயிறை விடாதேங்கோ! விட்டால் படகு சுத்தும், உங்கடை அண்ணை முழுக்க எங்கடை முகத்திலை வந்து விழுவார். காத்து முதுகுப் பக்கம் இருக்கவேணும்."

"அப்ப ஆர் கரைக்கிறது?"

"கை சும்மா இருக்கிற ஆள்."

தர்ஷனா எழுந்தாள். காற்று வெளியே போகும் பக்கம் போய் முழங்காலிட்டு மூடியைத் திருகினாள்.

பாலேந்திராவின் முழங்காலுக்கு அருகிலேயே கயிறு கட்டுகிற கொக்கி இருந்தது. இரண்டு சுற்றுச் சுற்றினால் கயிறு தானாக நிற்கும், அவர் கை சும்மாவாகிவிடும். மனோன்மணி அதைப் பார்த்தாள். பிறகு வாளியைப் பார்த்தாள்.

"இறுக்கிப் பிடியுங்கோ, தம்பி," என்றாள்.