பெரட்டுக்குப் போகாத மிருகம்

கோபம் வந்துவிட்டால் கந்தப்பன் கந்தப்பனாக இருக்க மாட்டான். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தோள் விரிந்து, முதுகு எழும்பி, மேலெல்லாம் கருமயிர் அடர்ந்து, குடியிருக்கிற லயத்து வீட்டுக் கூரையைத் தலை முட்டும் அளவுக்கு வளர்ந்து நிற்பான். மற்ற நேரத்தில் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுகிற சாது. கடித்த அட்டையைக்கூட நோகாமல் எடுத்து விடுவான். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

எழுபத்தாறாம் வருஷம் கொழுந்து லொறி வளைவில் சறுக்கியது. பின்னால் பதினொரு பெண்கள். பிரேக் சரியில்லை என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்காத ஆத்திரத்தில் கந்தப்பன் உருமாறி, லொறியை முதுகால் முட்டி ரோட்டில் ஏற்றிவிட்டான். அன்றைக்கு அவன் ஊருக்கே சாமி. அடுத்த மாதம் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஒரு கிழவனை அறைந்ததைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்குள் மாறினான். பிடிக்க வந்த மனைவி வீரம்மாவின் மணிக்கட்டு முறிந்தது.

கை கூடிவிட்டது. அவன் மனசுதான் கூடவில்லை. பிறகு பிறந்த மகள் வடிவுக்கு எட்டு மாதம் ஆகியும், பெற்ற பிள்ளையை அவன் ஒருநாளும் தூக்கியதில்லை. தொட்டிலுக்கு நாலடி தள்ளி நின்று பார்ப்பான், அவ்வளவுதான். அந்த நாலடியைக் கடக்கத்தான் அவன் உயிர் அடித்துக்கொண்டது.

அடக்குவதற்கு அவன் செய்யாத வேலையில்லை. ஆற்றில் கழுத்தளவு நின்றான், வாய் நிறையக் கொழுந்தை மென்றான். இது சாமி இறங்குவது, மரியாதை செய்து அனுப்பினால் தானாக மலையேறிவிடும் என்றார் கோடாங்கி. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அடுத்த தரம் அவன் மாறியதும் கோயில் வாசலில் சாமி அழைக்கும் தப்பை அடித்தார்கள். அழைத்தால் சாமி போகுமா, வரத்தானே செய்யும்! இன்னும் இரண்டு முழம் வளர்ந்து கோயில் சுவரை உதைத்துத் தள்ளினான்.

தப்பு மூக்கன் கையில் இருந்தது. இருபது வருஷமாக விடிகாலையில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடுகிற கை அது. பயத்தில் தன்பாட்டுக்குப் பெரட்டுத் தப்பை அடித்தது. மிருகம் நின்றது. திரும்பி நடந்து, ஆட்கள் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் போய்க் கைகட்டி வரிசையில் நின்றது. நின்றபோது அது வெறும் கந்தப்பன்.

தோட்டமே வயிறு வலிக்கச் சிரித்தது. வீரம்மாவும் சிரித்தாள். கந்தப்பனுக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது. எட்டு வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்கு ஓடி ஓடி, உள்ளே கிடக்கிற மிருகமும் தோட்டத்தாளாகிவிட்டதே! ஆனாலும் வழி கிடைத்துவிட்டது. அவன் எங்கே மாறினாலும் அடிப்பதாக மூக்கன் வாக்குக் கொடுத்து, வேலை மலைக்கும் தப்போடுதான் போனான். இனிப் பிள்ளையைத் தூக்கலாமே என்று வீரம்மா கேட்டாள்.

"கயிறு மூக்கண்ணன் கையில இருக்கு, புள்ள. என் கையில இல்லையே," என்றான் கந்தப்பன்.

ஆனி மழை பிடித்தது. ஒருநாள் காலை பத்து மணியிருக்கும், தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவின் பின்பக்க மண்மேடு சரிந்தது. முதலில் கண்டவன் கந்தப்பன். வெடித்த சுவரைக் கட்டாமல் விட்டவர்கள் மேல் வந்த ஆத்திரத்தில், ஓடும்போதே மாறினான். விழப்போன கூரை உத்தரத்தைப் பிடரியிலும் இரு கையிலும் தாங்கினான். உள்ளே ஒன்பது பிள்ளைகள். பார்த்துக்கொள்கிற சிசிலியக்கா முதலில் அலறினாள், பிறகு விஷயம் புரிந்து இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

எதிர்மலையில் நின்றவர்களுக்குத் தெரிந்ததோ பிள்ளைகளுக்கு மேலே குனிந்த மயிர் முதுகு மட்டும். மூக்கனும் அதைத்தான் கண்டான். பாவம், கொடுத்த வாக்கை நிறைவேற்றினான்.

தப்பு முழங்கியது. கந்தப்பனின் கோபம் அடிக்கு அடி வடிந்தது. கைகள் ஒரு சாண் தாழ்ந்தன. உத்தரம் முறுகியது. கத்திச் சொல்ல அந்த உருவத்துக்குப் பேச்சு கிடையாது. ஒரு கால் பெரட்டுக் களத்தின் பக்கம் தானாக எழும்பிவிட்டது. சிசிலியக்கா வெளியே இருந்தாள். கீழே, பாயில், வடிவு மட்டும் கிடந்தாள்.

கோபம் ஒரு சொட்டும் மிச்சமில்லை. மகள் இருந்தாள். இன்னைக்கு நான் வரல என்று மனசுக்குள் சொன்னான் கந்தப்பன். எவன் கூப்பிட்டாலும் வரல. தூக்கிய காலை அதே இடத்தில் ஊன்றினான். தாழ்ந்த கைகள் மெல்ல மேலே போயின. தப்பு அடித்துக்கொண்டேதான் இருந்தது.

சிசிலியக்கா வடிவை அள்ளிக்கொண்டு போனாள். அதற்குள், பிள்ளைகள் வெளியே வருவதைக் கண்டு விஷயம் புரிந்த வீரம்மா ஓடிப்போய் மூக்கன் கையிலிருந்த குச்சிகளைப் பிடுங்கியிருந்தாள். சத்தம் ஓய்ந்த மழையில் கந்தப்பன் உத்தரத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தான். யாரும் அடிக்கவில்லை, யாரும் அழைக்கவில்லை. மூச்சுக்கு மூச்சு, தானாகவே, தன் அளவுக்கு வந்தான்.

வீரம்மாவோடு ஓடி வந்த மூக்கன் சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அவனை எழுப்பிவிட்டு, கந்தப்பன் சிசிலியக்காவிடம் போய் இரண்டு கையையும் நீட்டினான். அவள் பிள்ளையை இறுக்கிக்கொண்டு வீரம்மாவைப் பார்த்தாள்.

"குடுங்கக்கா," என்றாள் வீரம்மா. "அவுங்க அப்பாதானே."