ஒன்பது பொத்தான்கள்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மின்னஞ்சல் வந்தது. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை, பகல் வேலை. வியாழன் காலை பத்தரைக்கு நேர்முகம். கடைசி வரியில், ஸ்மார்ட் கேஷுவலாக உடுத்தி வந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள்.

அலுமாரியைத் திறந்தேன். ஒரு பக்கம் சேலைகளும் பஞ்சாபி உடுப்புகளும்: கோயில், கலியாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள். மறுபக்கம் நைட்டிகள். கீழ்த்தட்டில் கடும்நீல யூனிஃபார்ம் நான்கு சோடி. திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. ஒரு சாதாரண வியாழக்கிழமைக்குப் போட என்னிடம் உடுப்பு இல்லை.

ஆறு வருடம் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தேன். எட்டு மாதத்துக்கு முன் விட்டேன். விட்டதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. வேலை முடிந்து வந்து மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகும்போது கிரேட் வெஸ்டர்ன் ஹைவேயில் சிவப்பு விளக்கில் தூங்கிவிட்டேன். கார் மெல்ல உருண்டு முன்னால் நின்ற வாகனத்தில் முட்டியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் வர்ஷா போட்ட கத்தலில்தான் கண் திறந்தேன். அன்று பின்னேரம் இல்லத்துக்குப் போன் செய்து இனி வரமாட்டேன் என்றேன். கடிதம்கூட எழுதவில்லை.

எட்டு மாதம் வீட்டில் இருந்தால் ஆள் தேறிவிடும் என்று நினைத்தேன். தேறவில்லை. இரவு இரண்டு மணிக்கு உடம்பு எழுந்துவிடும். பகலில் எந்த வேலையும் பாதிக்கு மேல் போகாது. வர்ஷாவின் பள்ளிக்கூட வாசலில் காரைவிட்டு இறங்குவதில்லை. முன்பு அவளே சொல்லியிருக்கிறாள்: "அம்மா, அந்த உடுப்போட இறங்க வேண்டாம், ப்ளீஸ். காருக்குள்ளயே இருங்கோ." இப்போது நான் அந்த உடுப்பில் இல்லை. ஆனாலும் உள்ளேயே இருந்தேன்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் மாத முடிவில் மறுபடியும் இரவு வேலைக்குப் போவதென்று நானும் என் கணவர் கேதீஸ்வரனும் பேசி முடித்திருந்தோம். இல்லத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி இன்னும் என்னை விடவில்லை. நாளுக்கு ஒரு குறுஞ்செய்தியாவது வரும்: இன்றிரவு ஆள் தேவை, வர முடியுமா? நான் பதில் போடவுமில்லை, அந்த எண்ணைத் தடுக்கவுமில்லை.

பக்கத்து வீட்டு ப்ரீத்தி கோயம்புத்தூர்க்காரி. கம்ப்யூட்டர் வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து. குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு போனால்கூட எங்கேயோ அழைத்திருக்கிறார்கள் என்பதுபோல் இருப்பாள். இருப்பதில் அடக்கமான பஞ்சாபியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஐயோ நிரஞ்சினி, இது ரிசப்ஷனுக்குப் போற டிரெஸ்ங்க. ரிசப்ஷனிஸ்ட் வேலைக்கு இல்ல."

"அப்ப ஸ்மார்ட் கேஷுவல் எண்டால் என்ன?"

"நல்லா டிரெஸ் பண்ணியிருக்கணும். ஆனா அதுக்காக மெனக்கெட்டதா தெரியக்கூடாது. அவ்ளோதான்."

"மினக்கெட்டது தெரியாமல் இருக்க எவ்வளவு நேரம் மினக்கெட வேணும்?"

"எனக்கு நாப்பது நிமிஷம்," என்றாள். சிரிக்கவில்லை. "ஒரு டார்க் ஜீன்ஸ். ஒரு நல்ல காலர் வெச்ச சட்டை. வெள்ளை ஷூ. ஒரு சின்னத் தோடு. ஏதாவது ஒண்ணுதான் கண்ணுல படணும், மத்ததெல்லாம் சும்மா இருக்கணும்."

"அந்த ஒண்டு என்ன?"

"சட்டைதான். லிட்கம்ல ஒரு ஆப் ஷாப் இருக்கு. என்னோட லினன் எல்லாம் அங்க எடுத்ததுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மற்றவர்கள் கொடுத்துவிட்ட உடுப்புகளை விற்கும் கடை. இவளைப் பார்த்து மூன்று வருடமாக நான் பொறாமைப்பட்டது யாரோ கழற்றிப் போட்டதைப் பார்த்துத்தான்.

புதன் காலை முதலில் பெரிய கடைத்தொகுதிக்குப் போனேன். ஜீன்ஸும் வெள்ளைச் சப்பாத்தும் கிடைத்தன. சட்டை கிடைக்கவில்லை. மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறையில் ஒன்பது சட்டை போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் யூனிஃபார்ம் போட்டவள் லீவில் வந்தமாதிரித்தான் இருந்தேன். தோள் முன்னால் வளைந்திருந்தது. ஆறு வருடம் கட்டிலில் இருப்பவர்களைக் குனிந்து தூக்கியதில் வந்த வளைவு. ஒன்பதாவதைக் கழற்றும்போது வியர்த்துவிட்டது. கொக்கியில் மாட்டாமல் கதிரையில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பிறகு லிட்கம்.

பெண்களுடைய சட்டைகள் நிறவாரியாகத் தொங்கின. நீல வரிசையின் நடுவில் அது இருந்தது. வெள்ளையில் நீலக்கோடு போட்ட லினன். காலர் கொஞ்சம் பெரிது. முன்னால் ஏழு பொத்தான், கைகளில் ஒவ்வொன்று, மொத்தம் ஒன்பது. காலரைத் திருப்பிப் பார்க்க முன்னமே எனக்குத் தெரியும். திருப்பினேன். பின்கழுத்தில் வெள்ளை நாடா தைத்திருந்தது. கறுப்பு எழுத்தில் நொரீன் பி., கீழே 14.

முதியோர் இல்லத்தில் எல்லா உடுப்பிலும் பெயரும் அறை எண்ணும் தைத்திருப்பார்கள், சலவைக்குப் போய்த் திரும்பி வருவதற்காக. அங்கிருந்து ஓர் உடுப்பு இப்படி வெளியே வருவதற்கு அநேகமாக ஒரு காரணம்தான். ஆள் போன பிறகு பிள்ளைகள் வந்து பைகளில் அடைத்துக் கொண்டுபோவார்கள். நானே பல பைகள் கட்டியிருக்கிறேன்.

ஆக, நொரீன் செத்துவிட்டாள். நான் விட்டுவந்தபோது இருந்தாள்.

இரவு வேலைக்காரர் காலை ஏழு மணிக்குள் ஐந்து பேரைக் கழுவி, உடுத்தி, கதிரையில் இருத்திவிட்டுப் போக வேண்டும். என் ஐந்து பேரில் நொரீன் ஒருத்தி. விரல்கள் எல்லாம் மடங்கிப்போன கை. அந்தக் கையால் அலுமாரியில் தொங்கும் இந்தச் சட்டையைக் காட்டுவாள். நான் தலைவழியாக மாட்டக்கூடிய கம்பளிச் சட்டையை எடுப்பேன். "நொட் திஸ் வன்," என்பாள். கோபம் இருக்காது. கெஞ்சலும் இருக்காது. கடைக்காரியிடம் சொல்வது போலச் சொல்வாள். "யெஸ் நொரீன், வெரி நைஸ்," என்று சொல்லிக்கொண்டே தலையில் மாட்டி இழுத்துவிடுவேன். அதற்கு இருபது செக்கன். ஒன்பது பொத்தானுக்கு இரண்டு நிமிடம்.

இரண்டரை வருடத்தில் ஒருமுறைகூட இந்தச் சட்டையை அவளுக்குப் போட்டுவிடவில்லை. நேரம் இருக்கவில்லை என்பது உண்மை. அது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன்.

சட்டையைத் திரும்ப மாட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ரயில் வந்தது. கதவு திறந்தது. ஏறவில்லை. கதவு மூடியது. திரும்பிக் கடைக்கு வந்தால் அந்தச் சட்டை ஒரு பெண்ணின் கையில் இருந்தது. உயரமான பெண், நெஞ்சோடு வைத்துக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்று, எனக்குத் தேவையில்லாத ஒரு பெல்ட்டைத் தடவினேன். அவள் காலரைத் திருப்பினாள். நாடாவை வாசித்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்ப மாட்டினாள். அவள் கையை எடுக்க முன்னம் என் கை அதில் இருந்தது.

வீட்டில் கேதீஸ் நாடாவைப் பார்த்துவிட்டார்.

"இது ஆரின்ர பேர்?"

சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? செத்த மனுசியின்ர சட்டையைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகப்போறியோ?"

"ஓம்."

"மஞ்சள் தண்ணியாவது தெளிச்சுப்போட்டுப் போடு."

"மஞ்சள் பட்டால் கறை போகாது. லினன்."

"லினனோ," என்றார். அதோடு குசினிக்குள் போய்விட்டார்.

சட்டையைத் தோய்த்தேன். காயக் காய எழும்பிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். கத்தரிக்கோலை எடுத்து நாடாவை வெட்டப் பார்த்தேன். தையல் நெருக்கமாக இருந்தது, துணி கிழியும்போல் பட்டது. ஒரு முனை மட்டும் விடுபட்டது. அப்படியே விட்டேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கே உடுத்திவிட்டேன். வர்ஷா சீரியல் சாப்பிட்டுக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஆறாம் வகுப்பு, ஆனால் பார்வை குடிவரவு அதிகாரியின் பார்வை.

"ஆர் உங்களுக்குச் சட்டையை இப்பிடி முழுக்க உள்ளுக்க விடச் சொன்னது?"

"பின்ன எப்பிடி?"

"ஃப்ரன்ட் மட்டும், அம்மா. பின்னால விடுங்கோ." எழுந்து வந்து தானே முன்பக்கத்தைச் செருகினாள். கையை இரண்டு மடிப்பு மடித்தாள். "சங்கிலியைக் கழட்டுங்கோ. காப்பையும். நோ, தோடு இருக்கட்டும்." தள்ளி நின்று பார்த்தாள். "யா. ஓகே."

"ஓகே எண்டால்?"

"ஓகே எண்டால் ஓகே, அம்மா. டோன்ட் டச் இட்."

தொடாமல் இருக்க முடியவில்லை. பெண்டில் ஹில் ஸ்டேஷனில் நிற்கும்போது முன்பக்கம் வெளியே வந்துவிட்டது. செருகினேன். ரயிலில் ஏறியதும் கை மடிப்பை அவிழ்த்தேன், திரும்ப மடித்தேன். பரமட்டாவில் கூட்டம் ஏறியது. கண்ணாடி ஜன்னலில் என்னைப் பார்த்தேன், பிறகு பார்க்கக்கூடாது என்று போனைப் பார்த்தேன். ஏஜென்சி. இன்றிரவு ஆள் தேவை. நாங்கள் இருக்கும் கிரவீனிலிருந்து பதினைந்து நிமிடம்தான் என்று தூரத்தையும் சொல்லியிருந்தார்கள். சரி என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். இந்தச் சட்டையைக் கழற்றி, கீழ்த்தட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாம். விரல் திரைக்கு மேல் நின்றது. ரயில் லிட்கம் தாண்டிப் போனது.

அப்போது பின்னாலிருந்து என் கழுத்தில் ஒரு விரல் பட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன். பின்சீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, மடியில் மரக்கறிப் பை.

"லேபிள் வெளியே வந்துவிட்டது, டியர்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காலருக்குள் செருகி ஒரு தட்டுத் தட்டினாள். "இப்போது சரி, நொரீன்."

தாங்க்ஸ் என்றேன். நான் நொரீன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அடுத்தது ஸ்ட்ராத்ஃபீல்ட். இறங்கினேன். படியில் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. எதிரே வந்த மாணவன் ஒருவன் விலகி நடந்தான்.

கிளினிக்கின் சொந்தக்காரன் சித்தார்த். முப்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்தவன். அரைக்காற்சட்டையும் ஓடுவதற்கான சப்பாத்தும் போட்டிருந்தான். முழங்கால் தெரிந்தது. இரண்டு நாள் நான் பட்ட பாட்டை நினைத்து அந்த முழங்காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்விகள் கடினமில்லை. வலியில் கத்துகிறவரிடம் எப்படிப் பேசுவாய், இரண்டு தொலைபேசி ஒரே நேரத்தில் அடித்தால் என்ன செய்வாய். ஆறு வருடம் இருபத்தெட்டு அறைகளின் அழைப்பு மணிகளுக்கு ஓடியவளுக்கு இரண்டு தொலைபேசி ஒரு விஷயமே இல்லை. அதைச் சொன்னபோது சிரித்தான். பிறகு என் விண்ணப்பத்தைப் புரட்டினான்.

"இரவு வேலை செய்து பழகியிருக்கிறீர்கள். அது எங்களுக்கு நல்லது. வாரத்தில் மூன்று நாள் மாலை ஷிஃப்ட் இருக்கிறது, ஒன்பதரை மணிவரை. அதை உங்களுக்கே தரலாம் என்று யோசித்தேன். பிரச்சினை இல்லைதானே?"

பிரச்சினை இல்லை என்பதுதான் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் பதில். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் சொல்லி வருகிறேன். இரவு வேலையும் அப்படி ஒரு பதிலில்தான் தொடங்கியது. என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நாடாவின் விடுபட்ட முனை விரலில் குத்தியது.

"நொட் ஈவினிங்ஸ்," என்றேன்.

கோபமாகச் சொல்லவில்லை. ஸொரி என்று தொடங்கவில்லை. மகள் இருக்கிறாள், கணவருக்கு ஷிஃப்ட், என் உடம்புக்கு ஒத்துவராது என்று எதையும் அடுக்கவில்லை. அந்த மூன்று காரணமும் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. நிற்கட்டும் என்று விட்டேன்.

சித்தார்த் நிமிர்ந்து பார்த்தான். காரணம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. பேனையால் ஏதோ எழுதினான். முடிந்தது, போய்விட்டது என்று நினைத்தேன். கையை மடியில் வைத்து, பொத்தானைத் தொடாமல் இருந்தேன்.

"சரி," என்றான். "இன்று பின்னேரத்துக்குள் சொல்கிறேன்."

பள்ளி விடும் நேரம்வரை ஸ்ட்ராத்ஃபீல்டிலேயே சுற்றிவிட்டு, நேரே வர்ஷாவின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கார் வீட்டில் நின்றது, ஸ்டேஷனிலிருந்து நடந்துதான் வந்தேன், அதனால் உள்ளே இருக்க இடமில்லை. வாசலில் மற்றத் தாய்மாரோடு நின்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும், சட்டை வடிவாக இருக்கிறது, எங்கே எடுத்தது என்று கேட்டாள். தெரிந்த ஒருத்தியினுடையது என்றேன்.

மணி அடிக்கும்போது போன் அதிர்ந்தது. ஏஜென்சி என்று நினைத்துப் பார்த்தேன். கிளினிக். திங்கட்கிழமை வாருங்கள், எட்டிலிருந்து இரண்டரைவரை. இரண்டு வாரம் பார்ப்போம். மாலைக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம்.

இரண்டு வாரம்தான். நிரந்தரம் ஒன்றுமில்லை. ஏஜென்சியின் எண்ணைத் தேடித் தடுத்தேன்.

வர்ஷா வந்தாள். என்னை வெளியில் கண்டதும் நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு தோழிகளோடு நேரே என்னிடம் வந்து பையைக் கொடுத்தாள்.

"கிடைச்சுதா?"

"திங்கள் வரச் சொன்னவை."

"திங்கள் என்ன போடப்போறீங்கள்?"

"இதைத்தான்."

"செவ்வாய்?"

"தோய்ச்சுப்போட்டு இதைத்தான்."

"ஓ மை கோட், அம்மா," என்றாள். ஆனால் பையைத் திருப்பிக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேதீஸ் கத்தரிக்கோலைத் தேடி எடுத்துத் தந்தார். "இனியாவது அந்தப் பேரை வெட்டி எறி."

நான் ஊசியும் வெள்ளை நூலும் எடுத்தேன். விடுபட்ட முனையை மடித்து நான்கு தையல் போட்டேன். திங்கட்கிழமையும் ரயிலில்தான் போக வேண்டும். இன்னொருத்தி கழுத்தில் கை வைக்கக்கூடாது.