கிணற்றுக் கயிற்றில் கட்டிய குதிரை

கேலப் ரஸ்க் அந்தக் குதிரையை அரை மைல் தள்ளியிருந்தே பார்த்துவிட்டான். செம்பழுப்புப் பெண்குதிரை, அகன்ற மார்பு. புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டின் முன்னால், வெட்டவெளியில் நின்றது. அவனுடைய குதிரையோ காலையிலிருந்தே முன்னங்காலை ஊன்ற மறுத்தது. இறங்கி இழுத்துக்கொண்டுதான் வந்தான்.

திரும்பிப் பார்த்தான். தெற்கு மேட்டுக்கு மேலே புழுதி. முந்தாநாள் அஞ்சல் வண்டியை மறித்துக் கொள்ளையடித்ததிலிருந்து அந்தப் புழுதி அவனை விடவில்லை. வடக்கே நாலு மைலில் ஆறு. அதைக் கடந்துவிட்டால் துரத்திவரும் ஷெரீஃபுக்கு அந்தப் பக்கம் அதிகாரம் கிடையாது.

வீட்டுக்காரி தோரா அவனைக் கண்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"சூரியன் உச்சிக்கு வந்தாச்சு. பிக்கெட் வீட்டு ஆளுங்களுக்கு இப்பத்தான் விடியுதா?"

பிக்கெட் யாரென்று அவனுக்குத் தெரியாது. பக்கத்துப் பண்ணைக்காரராம், ஒருநாள் வேலைக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தாராம். அந்த ஆள் இவன்தான் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். வந்தவனிடம் பேர் கேட்கும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. அதனால் அவன் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. நேரே குதிரையிடம் போனான். அப்போதுதான் கயிற்றைக் கவனித்தான். குதிரையின் கழுத்துப்பட்டையிலிருந்து புறப்பட்டு, மூன்று கழிகளை ஊன்றித் தொங்கவிட்ட கப்பியில் ஏறி, அது தோண்டிக்கொண்டிருந்த ஒரு கிணற்றுக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தோரா, ஆளு வந்தாச்சா? இல்ல நான் இங்கயே குடியிருந்துடட்டுமா?"

"வந்தாச்சு. நொண்டிக் குதிரையோட வந்திருக்கார்."

"பிக்கெட் எதைத்தான் உருப்படியா அனுப்பியிருக்கான்?"

கேலப் மேலங்கியைச் சற்று ஒதுக்கினான். துப்பாக்கி தெரிந்தது. குதிரை தனக்கு வேண்டும், அவிழ்த்துவிடு என்றான். தோரா துப்பாக்கியைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள், பிறகு தெற்கே இருந்த புழுதியைப் பார்த்தாள். இனி எதையும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. குழிக்குள் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கயித்துக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் இருக்கார். என் ஒருத்தியால இழுக்க முடியாது. அவர் மேல வரட்டும். அப்புறம் குதிரைய எடுத்துக்குங்க, நான் தடுக்கல."

அப்படியானால் இப்போதே மேலே வரச் சொல் என்றான். அவளும் சொன்னாள். கணவர் ஆர்விட் கேட்கவில்லை. மணல் ஈரமாகிவிட்டது, இன்னும் இரண்டே வாளி என்றார். இரண்டு வருஷமாக மூன்று மைலிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்து குடித்த மனிதர். ஈரத்தைத் தொட்ட பிறகு எப்படி ஏறி வருவார்?

ஒரு வாளி ஏறியது. கேலப் குதிரையை முன்னால் நடத்தினான், பின்னால் நகர்த்தினான். நடுவே ஓடிப்போய் மேட்டைப் பார்த்தான். புழுதிக்கு அடியில் கறுப்புப் புள்ளிகள் முளைத்திருந்தன. திரும்பி வந்தான். நின்றான், நடந்தான், தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான். கீழேயிருந்து ஆர்விட் விடாமல் பேசினார். பிக்கெட் வீட்டில் சோறாவது ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்டார். இந்தக் குதிரை சத்தம் கேட்டால் மிரளும், அதனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் பேசு தம்பி என்றார். இன்னும் ஒரே வாளி, மணல் சேறாகிக்கொண்டு வருகிறது என்றார்.

வாளி இறங்கியது. புள்ளிகள் ஆறு என்று எண்ண முடிந்தது. கேலப் கத்தியை உருவிக் கழுத்துப்பட்டைக்கு அருகே கயிற்றில் வைத்தான். தோரா குழிப்பக்கம் குனிந்திருந்ததால் பார்க்கவில்லை.

கீழே, மணல் சரியாமல் முட்டுக்கொடுத்திருந்த பலகை முறியும் சத்தம் கேட்டது. பிறகு மணல் சரியும் சத்தம், வெகுநேரம். தோரா குழியின் விளிம்பில் குப்புற விழுந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள்.

"மார்பு வரைக்கும் வந்துடுச்சு." குரல் சிறுத்திருந்தது. "வாளியக் கழட்டிட்டேன். கக்கத்துல கயித்தக் கட்டியிருக்கேன். இழுத்துடாதீங்க, உடம்பு பிஞ்சிடும். தளரவும் விடாதீங்க, உள்ள போயிடுவேன். தம்பி, நீ அங்க இருக்கேல்ல?"

முந்தாநாள் ஓடையில் தன் குதிரை இடறி விழுந்தபோது கூட்டாளி லூட்டும் இதையேதான் கேட்டான். மூன்று வருஷம் கூடவே திரிந்தவன். கேலப், இருக்கியா என்று. கேலப் குதிரையை உதைத்து விரட்டினானே தவிரப் பதில் சொல்லவில்லை.

கத்தி இன்னும் கயிற்றின்மேல்தான் இருந்தது.

"இருக்கேன்," என்றான்.

கத்தியைப் புல்லில் போட்டுவிட்டுக் குதிரையின் கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆர்விட் ஒரு கையால் மணலை வாரி ஒதுக்கினார். விரலளவு விடுபட்டதும் சொல்வார். தோரா அதை வாங்கி இந்தப் பக்கம் சொல்வாள். அரை அடி. நிக்கட்டும். இன்னும் அரை அடி. நிக்கட்டும், நிக்கட்டும். ஓரிடத்தில் இருபது நிமிஷம் நின்று பழக்கமில்லாதவன் நின்றான். முதுகு அரித்தது. புழுதி எவ்வளவு தூரத்தில் என்று பார்க்கத் தலை திரும்பத் துடித்தது. அவன் திரும்பினால் குதிரையும் திரும்பும். திரும்பவில்லை.

குளம்புச் சத்தம் குதிரைக்குத்தான் முதலில் கேட்டது. காது விறைத்தது, தோல் நடுங்கியது. கேலப் தொப்பியைக் கழற்றி அதன் கண்ணை மறைத்தான். மறுகையால் துப்பாக்கியை எடுத்துத் தூரப் போட்டான். பிறகு குதிரையிடம் பேசும் அதே தாழ்ந்த குரலில், அதன் காதோரம் வாயை வைத்தபடியே ஷெரீஃபிடம் பேசினான்.

"நில்லும்மா, நல்ல பொண்ணு. ஷெரீஃப், அங்கயே இறங்கிடுங்க. அப்படித்தான் கண்ணு, அசையாத. கயித்துல ஒரு மனுஷன் தொங்குறார். மெதுவா நடந்து வாங்க. என் கையில ஒண்ணுமில்ல. நில்லு, நில்லு."

ஷெரீஃப் ஹாம்லின் பருத்த மனிதர், இரண்டு நாள் தூங்காதவர். குழி விளிம்பில் கிடந்த பெண்ணைப் பார்த்ததும் கையை உயர்த்தினார். பின்னால் வந்தவர்கள் இறங்கினார்கள். நான் பிடித்துக்கொள்கிறேன், நீ விலகு என்றார்.

"கை மாறினா மிரளும். இது முடியட்டும். அப்புறம் உங்க இஷ்டம்."

ஹாம்லின் சற்று யோசித்தார். பிறகு துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஒருவன் தும்மல் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டான். முக்கால் மணி நேரம் தோராவின் குரல் மட்டுமே கேட்டது.

ஆர்விட்டின் தலை வெளியே வந்ததும் எல்லோரும் குழியிடம் ஓடினார்கள், ஷெரீஃபும்தான். ஆளை விளிம்பைத் தாண்டி இழுத்துப் போட்டார்கள். கேலப் கழுத்துப்பட்டையிலிருந்து கயிற்றை அவிழ்த்தான். கடிவாளம் கையில் இருந்தது. ஆற்றுக்கு நாலே மைல். யாரும் அவனைப் பார்க்கவில்லை, தோராவைத் தவிர. அவள் கணவனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். சொன்னது சொன்னதுதான், தடுக்க மாட்டாள்.

அவன் குதிரையின் பிடரியைத் தட்டினான். அது வியர்த்து நனைந்திருந்தது. அதை மெதுவாக நடத்திக் குழியருகே கொண்டுவந்தான்.

"காலையிலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல போல."

கீழே தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. வந்தவர்களில் ஒருவன் வேறொரு வாளியை இறக்கிக் கலங்கலாக ஒரு வாளி எடுத்தான். முதல் வாய் பிக்கெட் வீட்டுத் தம்பிக்கு என்று ஆர்விட் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார். கேலப் வாளியை வாங்கிக் குதிரை முன் வைத்தான். அது குடித்து முடித்த பிறகு ஹாம்லினிடம் இரண்டு கைகளையும் நீட்டினான். லூட் என்ன ஆனான் என்று கேட்டான். கால் உடைந்திருக்கிறது, உயிரோடுதான் இருக்கிறான், உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறான் என்றார் ஹாம்லின். திட்டட்டும் என்றான் கேலப்.

அவனை வேறொரு குதிரையில் ஏற்றி அழைத்துப் போனார்கள். ஒரு மைல் போயிருப்பார்கள், எதிரே கழுதைமேல் ஒருவன் ஆடி ஆடி வந்தான். கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினான். கிணறு தோண்டுகிற வீடு எந்தப் பக்கம், பிக்கெட் அனுப்பினார் என்றான்.

ஷெரீஃப் வாயைத் திறப்பதற்குள் கட்டிய கைகளோடு கேலப் திரும்பினான்.

"நேரா போ. பலகை நாலு முறிஞ்சிருக்கு, முதல்ல அதை மாத்து. அந்தக் குதிரைகிட்டச் சத்தம் போட்டுப் பேசாத. இம்புட்டு நேரம் எங்கய்யா போயிருந்த?"